பூனையின் ரத்தத்தில் பாக்டீரியா: எந்த டெஸ்ட், எப்போது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனைக்கு "ரத்தத்தில் இன்ஃபெக்ஷன்" என்று டாக்டர் சொன்னார். அது என்ன நோய்?

அது ஒரு நோயின் பெயர் இல்லை. அடுத்து என்ன டெஸ்ட் எடுப்பது என்பதில் குழப்பம் வருவதே இதனால்தான். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிய வைக்கும் ஹீமோபிளாஸ்மா வகைக் கிருமிகள். இவற்றில் மோசமானது மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ். இரண்டாவது பார்ட்டோனெல்லா ஹென்செலே. இது தெள்ளுப்பூச்சி மூலம் பரவி, பெரும்பாலும் பூனையை ஒன்றுமே செய்யாமல் மாதக்கணக்கில் அதன் ரத்தத்தில் இருந்துவிட்டுப் போகும். மூன்றாவது, உடம்பில் வேறெங்கோ இருக்கும் சீழிலிருந்து ஈ.கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் ரத்தத்தில் கலந்து உடம்பையே ஆட்டிவைப்பது. செப்சிஸ் என்பது இதுதான்.

இந்த மூன்றுக்கும் டெஸ்ட் வேறு, அவசரமும் வேறு. ஹீமோபிளாஸ்மாவுக்கு பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள பாக்டீரியாவை லேபில் வளர்த்துப் பார்ப்பது) போட்டால் ஒரு பயனும் இல்லை, அந்தக் கிருமி லேபில் வளரவே வளராது. செப்சிஸில் கிடக்கும் பூனைக்கு ஹீமோபிளாஸ்மாவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால், ரிசல்ட் வரும்போது பூனை இருக்காது. அதனால் எந்த டெஸ்ட் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எதைத் தேடுகிறோம் என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

வீட்டிலேயே என்னென்ன கவனிக்கலாம்?

பூனை நோயை மறைக்கும். சாப்பாடு குறைவது, ஓரமாகப் போய்ப் படுப்பது, எடை இறங்குவது, வழக்கமாகத் தாவும் இடத்துக்குத் தாவாமல் நிற்பது, இவ்வளவுதான் முதலில் தெரியும். உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வெளிறியதும் மஞ்சளும் சரியாகத் தெரியாது. ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், ரத்தசோகையில் வெள்ளைத்தாள் நிறத்துக்கே போய்விடும், சிவப்பணுக்கள் வேகமாக உடைந்தால் மஞ்சள் தட்டும். சில பூனைகளுக்கு, குறிப்பாக ஆரஞ்சு நிறப் பூனைகளுக்கு, ஈறில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அப்படியிருந்தால் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள், அல்லது காதின் உட்புறத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் இதைச் சேட்டை என்று விட்டுவிடுகிறார்கள்: ரத்தசோகை உள்ள சில பூனைகள் மண்ணையோ, மலப்பெட்டியில் போடும் லிட்டர் துகள்களையோ நக்கும், தின்னும். அதுவரை அந்தப் பழக்கம் இல்லாத பூனை திடீரென்று ஆரம்பித்தால் ஈறைப் பாருங்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் சரியில்லை. வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டு உட்காராமல் கிளம்புங்கள்.

காய்ச்சல் இல்லை. அப்போ இன்ஃபெக்ஷன் இல்லைதானே?

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. பூனை விஷயத்தில் ஆளை ஏமாற்றும் இடமே இதுதான். பூனையின் சாதாரண உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஹீமோபிளாஸ்மாவில் காய்ச்சல் வந்து வந்து போகலாம். செப்சிஸில் பூனைக்கு உடம்பு சூடாவதற்குப் பதில் ஜில்லிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். நாய்க்கு செப்சிஸ் வந்தால் இதயம் படபடவென்று ஓடும், ஈறு செக்கச்செவேல் என்று இருக்கும். பூனைக்கு நேர்மாறாக இதயத்துடிப்பு குறையலாம், ஈறு வெளுத்திருக்கும், வயிற்றைத் தொட்டால் வலியில் கத்தும். அதனால்தான் மருத்துவர்கள் பூனைக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: வெப்பம் 39.7-க்கு மேலோ 37.8-க்குக் கீழோ இருப்பது, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 225-க்கு மேலோ 140-க்குக் கீழோ இருப்பது, மூச்சு 40-ஐத் தாண்டுவது, வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 19,500-க்கு மேலோ 5,000-க்குக் கீழோ போவது. இதில் மூன்று சேர்ந்து வந்தால் செப்சிஸ் இருக்கலாம் என்று நினைத்தே வேலையை ஆரம்பிப்பார்கள். கிளினிக்கின் பயத்தில் மூச்சும் துடிப்பும் ஏறும் என்பதால் இதை வைத்து மட்டும் யாரும் முடிவு கட்டுவதில்லை. ஆனால் குறைந்த துடிப்புக்கும் குறைந்த வெப்பத்துக்கும் பயத்தைக் காரணம் சொல்ல முடியாது.

முதல் ரத்தப் பரிசோதனையில் என்ன தெரியும்?

சிபிசி என்கிற முழு ரத்த எண்ணிக்கைதான் தொடக்கம். அதில் முதலில் பார்ப்பது ரத்தசோகை இருக்கிறதா, இருந்தால் எலும்பு மஜ்ஜை அதை ஈடுகட்டப் புது அணுக்களை அனுப்புகிறதா என்பது. பூனைக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது பிசிவி, ஏறத்தாழ 25 முதல் 45 சதவீதம் இருக்க வேண்டும். ஹீமோஃபெலிஸ் தாக்கினால் இது மளமளவென்று இறங்கும். கூடவே இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகள் ஏறும், மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் ரத்தசோகை வந்து மூன்று நான்கு நாள் ஆகாமல் அந்த ஏற்றம் தெரியாது. முதல் நாளே "மஜ்ஜை வேலை செய்யவில்லை" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் முக்கியம். முதிராத நியூட்ரோஃபில்கள் கூட்டமாக வெளியே வந்திருந்தால், அதிலும் அவற்றின் உள்ளே நச்சு மாற்றம் என்று லேப் எழுதியிருந்தால், உடம்பில் எங்கோ கடுமையான போராட்டம் நடக்கிறது. மெஷின் கொடுக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் ஸ்லைடையும் ஒருவர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள். பூனையின் தட்டணுக்கள் எளிதில் ஒட்டித் திரளும், மெஷின் அதைக் குறைவு என்று எண்ணிவிடும். நீர் வற்றிய பூனைக்கு பிசிவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், டிரிப் ஏற்றிய பிறகுதான் உண்மை நிலை வெளிவரும்.

மஞ்சள் காமாலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பணு உடையும்போது உருவாகும் மஞ்சள் பொருளான பிலிருபின் ஏறினால் ஒன்று சிவப்பணு உடைகிறது, இல்லை கல்லீரல் கெட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். செப்சிஸ் வந்த பூனைக்கு இவை இரண்டும் இல்லாமலேயே பிலிருபின் ஏறலாம். அதனால் மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக நேரே கல்லீரல் மருந்துக்குப் போய்விடக் கூடாது.

அழற்சியைப் பார்க்க மனிதர்களுக்கு எடுக்கும் சிஆர்பி பூனைக்கு உதவாது. பூனைக்கு அழற்சியைக் காட்டும் புரதம் சீரம் அமிலாய்டு ஏ. அது உயர்ந்திருந்தால் அழற்சி இருக்கிறது என்று மட்டும் தெரியும், பாக்டீரியாவா வேறு காரணமா என்று சொல்லாது. மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க நல்லது.

ஸ்லைடில் பார்த்து "கிருமி எதுவும் இல்லை" என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

ஹீமோபிளாஸ்மா விஷயத்தில் முடியாது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறவிடுவது அதிகமாக நடப்பது இந்த இடத்தில்தான்.

இந்தக் கிருமி ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. சிவப்பணுவின் விளிம்பில் நீலநிறப் புள்ளியாகவோ, கோத்த மணிகள் மாதிரிச் சின்னச் சங்கிலியாகவோ தெரியும். ரத்தத்தில் இதன் எண்ணிக்கை நிலையாக இருக்காது. காலையில் எடுத்த ஸ்லைடில் அணுவுக்கு அணு புள்ளி இருக்கும், சில மணி நேரம் கழித்து எடுத்தால் சுத்தமாக இருக்கும். நோய் உச்சத்தில் இருக்கும்போதே பாதி நேரம் கண்ணில் படாது. அதோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குழாயில் ரத்தத்தை வைத்துவிட்டால் கிருமி அணுவிலிருந்து கழன்று விழுந்துவிடும். சாயங்காலம் வரை குழாயில் இருந்துவிட்டு லேபுக்குப் போய் ஸ்லைடாகிற ரத்தத்தில் அது தென்படுவது அதிர்ஷ்டம்தான். ஊசியிலிருந்து வந்த ரத்தத்தை உடனே, முடிந்தால் ஈடிடிஏ கலக்கும் முன்பே, கண்ணாடியில் இழுத்து உலர்த்திவிட வேண்டும். நல்ல கிளினிக்குகள் அதைத்தான் செய்கின்றன.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சாயத்தின் துகள், ஹவல்-ஜாலி உருண்டை என்கிற உட்கரு மிச்சம், பூனையின் சிவப்பணுவில் சாதாரணமாகவே தென்படும் ஹைன்ஸ் உருண்டை, எல்லாமே அவசரமாகப் பார்க்கிறவருக்குக் கிருமியாகத் தெரியும். வெங்காயம், பாராசிட்டமால் இரண்டும் பூனைக்கு விஷம். அவற்றால் ஹைன்ஸ் உருண்டைகள் பெருகி ரத்தசோகையும் வரும். எனவே பூனை எதைத் தின்றது, யாராவது மாத்திரை கொடுத்தார்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சைடாக்ஸூன், பேபீசியா மாதிரி சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஒட்டுண்ணிகளும் இருக்கின்றன. அவை பாக்டீரியா இல்லை, அவற்றுக்கு மருந்தே வேறு.

ஸ்லைடில் அனுபவசாலி ஒருவர் பார்த்து "இருக்கிறது" என்றால் அதற்கு மதிப்பு உண்டு. "இல்லை" என்றால் இல்லை என்று ஆகாது.

அப்படியானால் பிசிஆர்தான் கடைசித் தீர்ப்பா?

ஹீமோபிளாஸ்மாவுக்கு இப்போதைக்கு அதைவிட நல்லது இல்லை. கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடுவதால் ஸ்லைடில் தெரியாத அளவில் இருந்தாலும் பிடித்துவிடும். எந்த இனம் என்றும் சொல்லும், அது முக்கியம். ஹீமோஃபெலிஸ் தனியாகவே ஒரு நல்ல ஆரோக்கியமான பூனையைச் சாய்த்துவிடும். ஹீமோமினூட்டம் என்பது பல பூனைகளில், குறிப்பாக வெளியே சுற்றும் வயதான ஆண் பூனைகளில், எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும். டூரிசென்சிஸ் இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் லேசானது. ஆகவே "ஹீமோபிளாஸ்மா பாசிட்டிவ்" என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்காமல் விடாதீர்கள். பிசிவி 38 உள்ள, நன்றாகச் சாப்பிடும் பூனைக்கு ஹீமோமினூட்டம் பாசிட்டிவ் வந்தால் அதற்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். பிசிவி 12-க்கு இறங்கிய பூனைக்கு அதே ஹீமோமினூட்டம் மட்டும் வந்தால், வேறு காரணம் எதுவோ ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

மாதிரி ஈடிடிஏ குழாயில் போக வேண்டும், உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பரின் பிசிஆரைக் கெடுக்கும். குளிரில் வைக்கலாம், உறைய வைத்து அனுப்பச் சொன்னால் மட்டும் உறைய வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுப்பது.

பழைய புத்தகங்களில் இந்தக் கிருமிக்கு ஹீமோபார்ட்டோனெல்லா என்று பெயர் இருக்கும். பார்ட்டோனெல்லா வேறு, இது வேறு. லேப் படிவத்தில் டிக் அடிக்கும்போது மாறிவிடக் கூடாது.

ஏற்கெனவே மருந்து ஆரம்பித்துவிட்டோம். இப்போது டெஸ்ட் எடுத்தால் வீணா?

என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. அமாக்ஸிசிலின் மாதிரி பெனிசிலின் வகை என்றால் ஹீமோபிளாஸ்மா பிசிஆர் எடுக்கத் தடையில்லை. அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, செல்சுவரைத் தாக்கும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் என்றால் சில நாளிலேயே கிருமி எண்ணிக்கை சரிந்து, நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். பிளட் கல்ச்சருக்கோ எந்த ஆன்டிபயாடிக்கும் இடைஞ்சல்தான். அதற்காக மோசமான நிலையில் உள்ள பூனைக்கு மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன மருந்து, எப்போதிலிருந்து என்று லேப் படிவத்தில் தெளிவாக எழுதினாலே போதும். ரிசல்ட்டை அதற்கேற்பப் படித்துக்கொள்ளலாம்.

பிளட் கல்ச்சர் எப்போது எடுக்க வேண்டும்? எப்படி எடுப்பார்கள்?

செப்சிஸ் சந்தேகம், காரணம் தெரியாத நீண்ட காய்ச்சல், இதய வால்வில் இன்ஃபெக்ஷன் இருக்குமோ என்ற ஐயம், இந்த மூன்றிலும் எடுப்பார்கள். வால்வு இன்ஃபெக்ஷன் பூனைகளில் அபூர்வம். ஆனால் புதிதாக இதயத்தில் முணுமுணுப்புச் சத்தமும் காய்ச்சலும் சேர்ந்தால் எக்கோ ஸ்கேனும் பார்க்கத்தான் வேண்டும்.

எடுக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் இடத்தில் முடியைச் சிரைத்து, அறுவைக்குச் சுத்தம் செய்வது போலத் தேய்த்து, கிருமிநாசினி காயும் வரை காத்திருந்து, கையுறையோடு எடுக்க வேண்டும். புட்டியின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். முன்னமே போட்டு வைத்திருக்கும் டிரிப் ஊசி வழியாக எடுத்தால் அந்தக் குழாயில் குடியேறிய பாக்டீரியாதான் வளரும். இரண்டு அல்லது மூன்று மாதிரிகள் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுப்பது எதற்கு என்றால், ஒரே ஒரு புட்டியில் தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் அது ஊசி முனையில் ஒட்டி வந்ததாக இருக்கலாம், இரண்டிலும் அதே கிருமி வந்தால் நம்பலாம். ஈ.கோலை மாதிரி தோலில் வசிக்காத பாக்டீரியா ஒரு புட்டியில் வந்தாலே யோசிக்க வேண்டும்.

பூனைக்கு உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 60 மி.லி. என்று வைத்தால் 4 கிலோ பூனைக்கு 240 மி.லி.தான். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளதிடம் புட்டி புட்டியாக எடுக்க முடியாது. அதனால் குழந்தைகளுக்கான சின்னக் கல்ச்சர் புட்டிகளைப் பயன்படுத்துவார்கள். சாதாரண பாக்டீரியா என்றால் ஒன்றிரண்டு நாளில் வளர்ச்சி தெரியும், எதுவும் இல்லை என்று சொல்ல ஒரு வாரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். அதுவரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, மாதிரி எடுத்த கையோடு ஊசி போட்டுவிட வேண்டும்.

கல்ச்சர் நெகட்டிவ் என்றால் செப்சிஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் விடை ரத்தத்தில் இல்லாமல் அது புறப்பட்ட இடத்தில் கிடைக்கும்: மார்புக்குள் தேங்கிய சீழ், வயிற்று நீர், சிறுநீரகம், கருப்பை, சண்டையில் கடிபட்டு உள்ளுக்குள் பழுத்த புண். வயிற்றிலோ மார்பிலோ நீர் இருந்தால் ஊசியால் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் பார்த்தாலே போதும், நியூட்ரோஃபில்லுக்குள் விழுங்கப்பட்ட பாக்டீரியா தெரிந்தால் அங்கேயே முடிவு. வயிற்று நீரில் உள்ள குளுக்கோஸ், ரத்தத்தில் இருப்பதைவிட டெசிலிட்டருக்கு 20 மி.கி.க்கு மேல் குறைந்திருந்தாலும் பாக்டீரியா இருப்பதாகச் சந்தேகப்படலாம்.

பார்ட்டோனெல்லா பாசிட்டிவ் வந்திருக்கிறது. மருந்து கொடுக்கணுமா?

முதலில் எந்த டெஸ்ட் என்று பாருங்கள். ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் புரதம்) டெஸ்ட் என்றால் பூனை எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். தெள்ளு உள்ள இடங்களில் ஆரோக்கியமான பூனைகளிலேயே நிறைய பாசிட்டிவ் வரும். பிசிஆரோ கல்ச்சரோ பாசிட்டிவ் என்றால் கிருமி இப்போது ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் அதுதான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று அதுவும் சொல்லாது. கிருமி ரத்தத்தில் விட்டு விட்டு வரும் என்பதால் ஒரு நெகட்டிவும் முடிவில்லை, கல்ச்சரோ வளர வாரக்கணக்கில் எடுக்கும். இத்தனையும் சேர்ந்துதான் இந்த டெஸ்ட்டை ஒரு தலைவலி ஆக்குகிறது. என் கருத்தைக் கேட்டால், நோய்க்குறி இல்லாத பூனைக்குச் சும்மா இதை எடுக்கவே வேண்டாம். எடுத்தால் ரிசல்ட்டை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பீர்கள். வீட்டில் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தாலோ, பூனை ரத்ததானம் செய்யப் போகிறது என்றாலோ எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. நோய்க்குறி இருந்து, வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு, மருந்துக்குப் பூனை தேறினால் பார்ட்டோனெல்லாவாக இருக்கலாம் என்ற இடத்துக்குத்தான் பெரும்பாலும் வந்து நிற்போம்.

ரத்தத்தில் பாக்டீரியாவைத் தேடும்போது எதற்கு எஃப்இஎல்வி, எஃப்ஐவி டெஸ்ட்?

இரண்டும் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ்கள். எஃப்இஎல்வி தானே ரத்தசோகையும் கொண்டுவரும். சாதுவான ஹீமோமினூட்டம்கூட எஃப்இஎல்வி இருக்கும் பூனையில் கடுமையாக நடந்துகொள்ளும். அதனால் இதைத் தவிர்க்காதீர்கள்.

கூம்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ். தன் ரத்தத்தைத் தானே அழிக்கிறது, ஸ்டீராய்டு போதும் என்கிறார்கள். சரியா?

கூம்ஸ் என்பது சிவப்பணுக்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ஹீமோஃபெலிஸ் தாக்கும்போது உடம்பு அந்தச் சிவப்பணுக்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யும், கூம்ஸ் பாசிட்டிவ் ஆகும். அதாவது கூம்ஸ் அழிவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. கிளினிக்கிலேயே ஒரு சொட்டு ரத்தத்தில் சலைன் கலந்து ஸ்லைடை ஆட்டிப் பார்ப்பார்கள். பூனையின் சிவப்பணுக்கள் இயல்பாகவே நாணயம் அடுக்கியது போல வரிசைகட்டும், சலைன் விட்டால் அது கலைந்துவிடும். கலையாமல் திரளாகவே நின்றால் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது. இது நடந்தாலும் பிசிஆர் ரிசல்ட் வரும் வரை டாக்ஸிசைக்ளின் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். கிருமியை விட்டுவிட்டு ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது சரியில்லை.

டெஸ்ட் வசதியே இல்லை. மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?

ஈறு வெளுத்து, ஸ்லைடில் இளம் சிவப்பணுக்கள் தெரிந்து, தெள்ளு உள்ள பூனை என்றால் டாக்டர்கள் டாக்ஸிசைக்ளினைத் துணிந்து தொடங்குவார்கள், அது நியாயமானதே. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி. என்ற கணக்கில் இரண்டு முதல் நான்கு வாரம். மாத்திரையை வறட்டுத் தொண்டையில் போட்டுவிட்டு விடாதீர்கள், அது உணவுக்குழாயில் சிக்கி அங்கேயே புண்ணாக்கிப் பாதையைக் குறுக்கிவிடும். மாத்திரைக்குப் பின்னாலேயே சில மி.லி. தண்ணீரோ கொஞ்சம் உணவோ போக வேண்டும். மாற்று மருந்தாக மார்போஃப்ளாக்ஸாசின் உண்டு. என்ரோஃப்ளாக்ஸாசினை அளவு மீறிக் கொடுத்தால் பூனைக்குக் கண் போகும், அதை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. மருந்து கொடுக்கும்போது பிசிவியை மறுபடி பார்த்தால்தான் வேலை செய்ததா என்று தெரியும். பூனை தேறியது மருந்தாலா தானாகவா என்பது பல நேரம் தெரியாமலே போகும், டெஸ்ட் இல்லாமல் செய்வதில் உள்ள குறை அது.

ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பூனைக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகை உண்டு. பி வகைப் பூனைக்கு ஏ ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி பிறவியிலேயே பலமாக இருக்கும், முதல் முறையே ஏற்றினாலும் உயிர் போகலாம். எவ்வளவு அவசரமானாலும் வகை பார்க்க வேண்டும். கொடுக்கும் பூனைக்கு எஃப்இஎல்வி, எஃப்ஐவி டெஸ்ட்டோடு ஹீமோபிளாஸ்மா, பார்ட்டோனெல்லா பிசிஆரும் பார்த்திருக்க வேண்டும்.

எனக்குத் தொற்றுமா?

பார்ட்டோனெல்லா தொற்றலாம். தெள்ளின் எச்சம் ஒட்டிய நகத்தால் பூனை கீறும்போது பரவும், கீறிய பக்கம் நெறி கட்டிக் காய்ச்சல் வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் பூனை வளர்ப்பதையும் சொல்ல வேண்டும். பிளேக், டுலரீமியா (எலி, முயலிடமிருந்து பரவும் பாக்டீரியா நோய்) உள்ள பகுதிகளில் எலி முயல் பிடிக்கும் பூனைக்குக் காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டினால், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கிளினிக்குக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மருந்து முடிந்ததும் பிசிஆர் மறுபடி எடுக்கணுமா? வீட்டில் மற்ற பூனைகளுக்கு?

ஹீமோஃபெலிஸ் என்றால் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஆனால் மருந்து நிறுத்திய மறுநாளே எடுக்காமல் சில வாரம் விட்டு எடுங்கள். பூனை நன்றாக இருந்தும் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம், சில பூனைகள் கிருமியைச் சுமந்துகொண்டே வாழும். பிசிவி சரியாக இருக்கிறதா, பிற்பாடு வேறு நோயோ ஸ்டீராய்டோ வரும்போது இந்தக் கிருமி மறுபடி தலைதூக்குகிறதா என்று கவனித்தால் போதும். மற்ற பூனைகளில் சோர்ந்தோ வெளுத்தோ இருப்பதற்கு மட்டும் ரத்தம் எடுங்கள். தெள்ளு மருந்து மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் அதிலிருந்து மறுபடி எல்லாவற்றுக்கும் ஏறிவிடும்.